மரம் சீவாத நாள்

சிரம்பான் வக்கீல்களில் சாட்சிக்குப் பயந்த வக்கீல் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் அது சசிதரன்தான். இதை அவருக்கு ஆகாதவர்கள் யாரும் கிளப்பிவிடவில்லை. அவரே சொல்லிக்கொள்வார். கல்யாண விருந்தில் பக்கத்து நாற்காலிக்காரர் மரியாதைக்கு, "என்ன மாதிரி கேஸ் எடுப்பீங்க சார்?" என்று கேட்டுவைத்தால் போதும். "மத்தவங்க தோத்த கேஸ் மட்டும்தான். சொந்தமா தோக்குறத நிறுத்தி இருபத்து நாலு வருசமாச்சு" என்று ஆரம்பித்துவிடுவார். கேட்டவர் சிரிப்பதா, அனுதாபப்படுவதா என்று தெரியாமல் பிரியாணியைக் குனிந்து பார்ப்பார்.

மேல்முறையீட்டு வக்கீல் என்பதைத்தான் அவர் அப்படிச் சுற்றி வளைத்துச் சொல்வது. கீழ்க்கோர்ட்டில் வழக்கு நடந்து, சாட்சிகள் வந்து அழுது, பாதிப் பொய்யும் பாதி மெய்யும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், தீர்ப்பும் வந்த பிறகு, தோற்ற ஆள் அவரைத் தேடி வருவார். கூடவே ரெக்கார்டு வரும். கோர்ட்டில் யார் என்ன கேட்டார்கள், யார் என்ன பதில் சொன்னார்கள் என்பதை வரிவரியாக டைப் அடித்து, பக்க எண் போட்டுக் கட்டிய தடித்த கட்டு. அந்தக் கட்டுக்குள் கீழ் நீதிபதி எங்கே சறுக்கினார் என்று தேடிப் பிடித்து மேல் நீதிபதியிடம் காட்டுவது சசிதரனின் பிழைப்பு. சாட்சியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சம்பவம் நடந்த இடத்துக்குப் போக வேண்டியதில்லை. காகிதம் இருமாது, கண்கலங்காது, எதிர்க்கேள்வி கேட்காது.

இந்தப் பிழைப்புக்கு அவர் விரும்பி வரவில்லை, விரட்டப்பட்டுத்தான் வந்தார். சுவாவுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர். அப்பா மணியமும் அம்மா மயிலம்மாளும் பால்மரம் சீவி ரப்பர்ப் பால் எடுத்தவர்கள். பன்னிரண்டு வயதில் படிக்கவென்று போர்ட்டிக்சனில் மாமா வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், அதற்குப் பிறகு தோட்டத்தில் தொடர்ந்து ஒரு மாதம் தங்கியதில்லை. பகலில் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளார்க்காக உட்கார்ந்து, மாலையில் லண்டன் சட்டப் படிப்பைத் தபாலில் படித்து, இங்கே வக்கீலாவதற்கான பரீட்சையை மூன்றாவது தடவையில் தாண்டினார். முதல் இரண்டு தடவையும் அவர் தோற்றது வாதத் திறமைப் பாடத்தில். அதையும் விருந்துகளில் சொல்வார்.

பயிற்சிக்குச் சேர்ந்த இடம் சீவரத்தினம் என்ற மூத்த வக்கீலின் ஆபீஸ். யாழ்ப்பாணத்திலிருந்து தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வேலைக்கு வந்த பரம்பரை, பேச்சில் இன்னும் அந்த மணம் போகவில்லை. அவர் சசிதரனிடம் கொடுத்த முதல் வழக்கு பாரோயில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களின் வேலித் தகராறு. எதிர்த்தரப்புச் சாட்சி ஓய்வு பெற்ற ஒரு போஸ்ட்மேன். சசிதரன் நாற்பது கேள்விகளை எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனார். இரண்டாவது கேள்வியில் கிழவர் இருமினார். சசிதரன் தன் கிளாஸ் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்றாவது கேள்விக்குப் பதிலாகக் கிழவர் தன் முழங்கால் வலியைச் சொன்னார். சசிதரன் எங்கே வைத்தியம் பார்க்கிறீர்கள் என்று விசாரித்தார். நான்காவது கேள்வியில், "நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது" என்று அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் சீவரத்தினம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, நீர் எந்தப் பக்கத்து அப்புக்காத்து எண்டு மாஜிஸ்திரேட் என்னைக் கேக்கிறார். நான் என்னத்தைச் சொல்ல?" என்றார்.

அதற்குப் பிறகும் பத்து வழக்குகள் கொடுத்துப் பார்த்தார் மனிதர். பத்தும் போயின. பன்னிரண்டாவதாக அவர் மேசையில் வைத்தது ஒரு ரெக்கார்டு. "உமக்கு மனிசர் சரிவராது, கடதாசிதான் சரி" என்றார். சசிதரன் அந்த ரெக்கார்டை வீட்டுக்குக் கொண்டுபோய் நான்கு நாள் படித்தார். நூற்று எண்பதாம் பக்கத்தில் நீதிபதி ஒரு சாட்சியின் பெயரை இன்னொரு சாட்சியின் வாயில் போட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். வழக்கு ஜெயித்தது. வாழ்நாளில் முதல்முறையாக ஜெயித்த மனிதர் என்ன செய்வாரோ அதைத்தான் அவரும் செய்தார், தன்னை மேதை என்று நம்பிவிட்டார். அந்த வேகத்தில் சீவரத்தினத்தின் அண்ணன் மகள் பராசக்தியைப் பெண் கேட்டு, அதிலும் ஜெயித்தார்.

காலப்போக்கில் அவருக்குச் சில பழக்கங்கள் படிந்தன. ரெக்கார்டில் சட்டப் பிரச்சினை உள்ள பக்கத்துக்கு மஞ்சள் ஒட்டுத்தாள், சாட்சிகள் முரண்படும் பக்கத்துக்குப் பச்சை, தனக்கே புரியாத பக்கத்துக்கு ரோஸ். ரோஸ் தாள் அதிகம் செலவாகாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வாங்கிவரும் கிளார்க் ரஜனிக்குத்தான் உண்மை தெரியும். இன்னொரு பழக்கம், கட்சிக்காரரிடம் கதை கேட்பதில்லை. அதற்கு நியாயமும் வைத்திருந்தார். ரெக்கார்டில் இல்லாத எதையும் மேல்கோர்ட் பார்க்காது. பார்க்காத ஒன்றைக் கேட்டு என்ன பயன், கேட்டவர் மனசுதான் கெடும். அதனால் வருகிறவர் நாற்காலியில் உட்கார்ந்து, "அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா சார்..." என்று தொடங்கியதும் கையை உயர்த்துவார். "கதை வேணாம். ரெக்கார்டு போதும்."

கட்சிக்காரருக்கு ஒரு வாசகம் வைத்திருந்தது போல மேடைக்கும் ஒன்று வைத்திருந்தார். தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு, கோயில் மண்டபத்து விருந்து, இளைஞர் பட்டறை, எங்கே கூப்பிட்டாலும் மைக்கைப் பிடித்ததும் முதல் வரி, "நான் லயத்துல பொறந்தவன்" என்பதுதான். கைதட்டல் வரும் வரை நிறுத்திவிட்டு, அம்மாவின் பால் வாளியைப் பற்றிச் சொல்வார். ஒரு தடவை வீட்டுக்குத் திரும்பும் வழியில் பராசக்தி காரை ஓட்டிக்கொண்டே, "உங்கட லயத்தைக் கொஞ்சம் ஓய்வெடுக்க விடுங்கோ. எவ்வளவு நாளைக்கு அது உங்களுக்கு உழைக்கும்?" என்றாள். அது நல்ல கேள்வி என்று சசிதரனுக்கே பட்டது, ஆனால் அடுத்த கூட்டத்திலும் அதே வரிதான் வந்தது.

நல்லசாமி அவரிடம் வந்தது போன வருஷம். ஐம்பத்தெட்டு வயது, ஒல்லி உடம்பு, கழுத்துப் பட்டன் வரை போட்ட சட்டை. ரெம்பாவ் பக்கம் மச்சானுக்குச் சொந்தமான நாலு ஏக்கர் ரப்பர் நிலத்தை அவரும் மனைவி குமுதவல்லியும் சீவிக் கொடுக்கிறார்கள். ஒரு நாள் காலை இரண்டு கேன் பாலை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு, பால் வாங்குகிற டீலரிடம் கொடுக்க, சுவா பக்கம் ஒரு தோட்டத்தின் குறுக்குப் பாதை வழியாக வந்திருக்கிறார். தோட்டத்துக் காவலாளி புனிதன் மடக்கிப் பிடித்துப் போலீசுக்குச் சொல்லிவிட்டார். ஏழாம் நம்பர் மர நிரையில் நல்லசாமி, மரத்தில் கட்டிய கிண்ணங்களிலிருந்து மங்கு மங்காகப் பாலை எடுத்து வாளியில் ஊற்றியதைக் கண்ணால் பார்த்தேன் என்று கோர்ட்டில் சத்தியமும் செய்தார். பால் தன்னுடையது என்று நல்லசாமி சொன்னதற்குச் சாட்சி மச்சான். அந்த மச்சான் அப்போது நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். கீழ்க்கோர்ட் ஆறு மாதச் சிறை போட்டது. மேல்முறையீடு முடியும் வரை ஜாமீனில் வெளியே இருந்தார்.

"சார், அன்னிக்கு நான் அந்தப் பக்கம் வரும்போது ரோடெல்லாம் ஈரமா இருந்துச்சு..." என்று நல்லசாமி தொடங்கினார்.

சசிதரன் கையை உயர்த்தினார். "கதை வேணாம் அண்ணே. ரெக்கார்டு போதும்."

"இல்ல சார், இது கதை இல்ல..."

"எது கதைன்னு நான் பாத்துக்கிறேன். ரெக்கார்டுல இருக்கிறத வச்சுத்தான் பேசணும். நீங்க சொல்லி நான் கேட்டா எனக்குக் குழப்பம்தான் வரும்."

நல்லசாமி வாயை மூடிக்கொண்டார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற முகம். இரண்டாவது தடவை கையெழுத்துப் போட வந்தபோதும் வாயைத் திறந்தார். இந்தத் தடவை சசிதரன் கையைக்கூட உயர்த்தவில்லை, புருவத்தை உயர்த்தியதே போதுமாக இருந்தது.

ரெக்கார்டு முந்நூற்று நாற்பது பக்கம். சசிதரன் அதை ஏழு தடவை படித்தார். பதினோரு காரணங்கள் எழுதினார், எல்லாம் சட்டம், எல்லாம் மஞ்சள். அவற்றில் ஏழாவது காரணம் அவருடைய செல்லப் பிள்ளை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் தோட்டத்துக் கிராணி சத்தியசீலன் சாட்சி சொல்லியிருந்தார். அன்றைக்கு விடியற்காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் யாரையும் மரம் சீவ அனுப்பவில்லை, எல்லாரையும் புல் வெட்டவும் வடிகால் கான் வெட்டவும் அனுப்பிவிட்டோம், ஏழாம் நம்பர் நிரையில் ஒரு ஆள்கூட இல்லை என்றார். இதைப் பிடித்துக்கொண்டுதான் மாஜிஸ்திரேட், ஆள் நடமாட்டம் இல்லாததால் யாரும் பார்க்காமல் திருட நல்லசாமிக்கு வசதியாக இருந்தது என்று எழுதியிருந்தார். சசிதரன் விடவில்லை. வாய்ப்பு இருந்தது என்பது வேறு, குற்றம் செய்தார் என்பது வேறு என்று ஆறு தீர்ப்புகளை மேற்கோள் காட்டி நான்கு பக்கம் எழுதினார். எழுதி முடித்ததும் ரஜனியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். ரஜனி டவுனில் பிறந்தவள். "நல்லா இருக்கு சார்" என்றாள்.

விசாரணை நாள் காலை ஒன்பது மணிக்கு உயர் நீதிமன்றத்து நடையில் நல்லசாமியும் குமுதவல்லியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். குமுதவல்லியின் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. சசிதரன் அதற்குள் என்ன என்று சாதாரணமாகக் கேட்டார்.

"ரெண்டு கைலி, பல்லு விளக்குற பிரஷ், அவரு பிரஷர் மாத்திர" என்றாள் குமுதவல்லி. "தோத்துட்டா அப்படியே அழைச்சிட்டுப் போயிருவாங்களாமே. மாத்திர உள்ள கொண்டுபோக விடுவாங்களா சார்?"

இருபத்து நாலு வருஷத்தில் சசிதரன் பக்க எண்களைத்தான் பார்த்திருக்கிறார், இப்படி ஒரு பையைப் பார்த்ததில்லை. சாட்சியின் இருமலுக்கே இளகுகிற மனிதர், அங்கேயே தண்ணீர் தேடிப் போயிருப்பார். அதற்குப் பதில் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு தன் செல்லப் பிள்ளையை வெளியே எடுத்தார்.

"பயப்படாதீங்க அக்கா. பதினோரு பாயிண்ட் வச்சிருக்கேன். ஏழாவது பாயிண்ட் ரொம்ப ஸ்ட்ராங். பாருங்க, அன்னிக்குத் தோட்டத்துல யாருமே மரம் சீவப் போகல. கிராணியே ஒத்துக்கிட்டாரு. ஆளே இல்லாத நெரையில அண்ணன் தனியா இருந்தாருங்கிறதாலயே அவரு திருடினாருன்னு சொல்ல முடியாது. இதுக்கு ஆறு ஜட்ஜ்மென்ட் இருக்கு."

குமுதவல்லி மரியாதையாகத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு புருவத்தைச் சுருக்கினாள்.

"யாருமே சீவப் போவலியா சார்?"

"யாருமே போகல. நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல இருக்கு."

"அப்போ மரத்த யாரு சீவுனா? சீவாத மரத்துல பால் ஏது?"

சசிதரன் ரெக்கார்டில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் தேடினார்.

"மழை பேஞ்சிருக்கும்லா சார்" என்றாள் அவள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாக. "விடிகாலையில மழை விட்டாலும் மரம் ஈரமா இருந்தா சீவ மாட்டாங்க. அதான் புல்லு வெட்டப் போவச் சொல்லியிருக்காங்க. மங்குல மழைத்தண்ணிதான் கெடந்திருக்கும். இவரு எதைப் போயித் திருடுறது?"

"அதத்தான் சார் நான் மொத நாளே சொல்ல வந்தேன்" என்றார் நல்லசாமி தயங்கித் தயங்கி. "ரோடு ஈரமா இருந்துச்சுன்னு. எங்க ரெம்பாவ் பக்கம் அன்னிக்கு ஒரு சொட்டு மழை இல்ல, நாங்க சீவிட்டோம். நீங்க வேணாம்னுட்டீங்க. கிராணியே கோர்ட்டுல சொல்லிட்டாரு, அன்னிக்குச் சீவலன்னு. அதுக்கு மேல நம்ம என்ன சொல்றது? இது தெரியாதவங்க இருப்பாங்களா, ஜட்ஜுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். மொத கோர்ட்டுல நின்ன வக்கீலும் ஒன்னும் கேக்கல."

சசிதரன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஏழு தடவை படித்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் மஞ்சள் தாள்கூட ஒட்டியிருக்கிறார். மழை பெய்த காலையில் பெரட்டிலிருந்து அம்மா சீக்கிரம் திரும்பி வருவாள். புல் வெட்டப் போவதற்குள் வீட்டில் அரை மணி நேரம் கிடைக்கும். அவள் அவசரமாகக் கோதுமை மாவைக் கரைத்துத் தோசை ஊற்றுவாள், அவர் அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருப்பார். மழைக்காக ராத்திரியெல்லாம் கூரைத் தகரத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்த பையன் அவர்தான். அந்தத் தோசையைக்கூட மேடையில் இரண்டொரு தடவை சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறார். ஆனால் மழைக்கும் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பது தோன்றவே இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை அனுபவிக்கக்கூட நேரம் இல்லை, உள்ளே வழக்கு எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ரெக்கார்டைப் புரட்டிக்கொண்டே உள்ளே ஓடினார். அறுபத்தொன்றாம் பக்கம் எங்கேயோ நினைவில் உறுத்தியது. காவலாளி புனிதன் எதையோ நீட்டி முழக்கிச் சொல்லியிருந்த பக்கம், வழக்குக்குத் தேவையில்லை என்று குறுக்கே பென்சில் கோடு போட்டிருந்தார்.

நீதிபதி ஐம்பது வயதுள்ள மலாய்ப் பெண்மணி. பேச்சைக் குறைத்து, பேனாவை நிறையப் பயன்படுத்துகிறவர். சசிதரன் எழுந்து நின்று, பதினோரு காரணங்களோடு பன்னிரண்டாவதாக ஒன்றைச் சேர்க்க அனுமதி வேண்டும் என்றார். அரசுத் தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். மனுவில் இல்லாத காரணம், நேற்று வரை சொல்லாத காரணம், இப்போது எப்படி என்று கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை.

"ஏன் முன்பே மனுவில் சேர்க்கவில்லை?" என்றார் நீதிபதி.

"என் கவனக்குறைவு, யாங் ஆரிஃப்" என்று சசிதரன் நீதிபதிக்குரிய மலாய் மரியாதையோடு சொன்னார். உண்மைதான். நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள்தான் கண்டுபிடித்தார் என்பதும் உண்மைதான், ஆனால் அது நாக்கு நுனி வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது.

நீதிபதி அனுமதித்தார். சசிதரன் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். அன்று யாரும் மரம் சீவவில்லை. பிறகு அறுபத்தொன்றாம் பக்கம். அங்கே புனிதன், தான் ஏன் பத்தரை மணிக்கு ரோந்து போகிறேன் என்பதற்கு விளக்கம் கொடுத்திருந்தார். மரத்தை விடியுமுன் சீவுவார்கள், பதினோரு மணிக்குள் பாலை எடுத்தாக வேண்டும், விட்டால் மங்கிலேயே கட்டிவிடும், அதனால் திருட வருகிறவர்கள் பத்தரைக்குத்தான் வருவார்கள் என்று. பிறகு போலீஸ் எடுத்த நான்காம் எண் படம். இரண்டு கேன், இரண்டிலும் வெள்ளை வெளேரென்று இன்னும் கட்டாத தண்ணிப் பால். இன்றைக்குச் சீவியிருந்தால்தான் இன்றைக்குத் தண்ணிப் பால் இருக்கும். நேற்றைய பால் என்றால் கட்டியாக இருக்கும். அப்படியானால் இந்தப் பால் இந்தத் தோட்டத்துப் பால் இல்லை, புனிதன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னது நடந்திருக்கவே முடியாது. எல்லாம் அரசுத் தரப்புச் சாட்சிகளே சொன்னது. ரெக்கார்டுக்கு வெளியே ஒரு சொல் இல்லை. எல்லாம் சொல்லி முடிக்க ஒன்பது நிமிஷம் ஆனது. ஆறு தீர்ப்புகளும் பையை விட்டு வெளியே வரவில்லை.

அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து, நீதிமன்றத்தின் முடிவுக்கே விட்டுவிடுவதாகச் சொன்னார். நீதிபதி பத்து நிமிஷம் உள்ளே போய்விட்டு வந்தார். தண்டனை ரத்து, நல்லசாமி விடுதலை என்று மலாயில் வாசித்தார். வாசித்து முடித்துப் பேனாவை மூடிக்கொண்டே சசிதரனைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னார். தோட்டத்தில் வளர்ந்த ஒருவரால்தான் இதைக் கண்டுபிடித்திருக்க முடியும், பாராட்டுகள். சசிதரன் தலை குனிந்து வணங்கினார். மறுக்க வேண்டிய இடம் அதுதான் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. நிமிர்ந்தபோது நீதிபதி எழுந்து போய்விட்டார்.

நடையில் நல்லசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். குமுதவல்லி கண்ணைத் துடைத்துவிட்டு, பையிலிருந்து மாத்திரையை எடுத்து, தண்ணீரோடு புருஷனிடம் கொடுத்தாள். "இத மொத போடுங்க. இன்னிக்குக் காலையில போடல" என்றாள். பிறகு சசிதரனைப் பார்த்துக் கை கூப்பினாள். அவர் அந்தக் கையைப் பார்க்க முடியாமல் ஃபைலைச் சரிசெய்தார்.

"ஜட்ஜம்மா கடைசியில ஒங்களப் பாத்து இங்கிலீஷ்ல என்னமோ சொன்னாங்களே. என்ன சார் அது?"

சசிதரன் தமிழில் பெயர்த்துச் சொன்னார். "தோட்டத்துல வளந்தவங்களுக்குத்தான் இது கண்ணுல படும்னு சொன்னாங்க அக்கா."

குமுதவல்லி தலையை ஆட்டினாள். "ஆமாலா. வேற யாருக்குப் படும்?" அவர் முகம் வாடியிருப்பதைப் பார்த்து அவள் குரல் தணிந்தது. "நீங்க ஒன்னும் மனசுல வச்சுக்காதீங்க சார். டவுன்ல பொறந்து வளந்தவரு, ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் லயத்துல பொறந்தவன். இருபத்து நாலு வருஷமாக எந்த மைக்கைக் கண்டாலும் முந்திக்கொண்டு வருகிற அந்த வரி தொண்டை வரை வந்தது. எதிரில் நிற்பவளுக்கு நிரையும் தெரியும், மழையும் தெரியும், மங்கும் தெரியும். அவளிடம் அதைச் சொல்லி என்னவென்று நிரூபிப்பது? அவர் அம்மா இருந்திருந்தால் இவளைவிட இருபது வயதுதான் கூட இருந்திருப்பாள்.

"தெரியாமப் போச்சுக்கா" என்றார். "நீங்கதான் சொன்னீங்க. அத நான் உள்ள சொல்லியிருக்கணும். சொல்லல."

"அதனால என்ன சார், யாரு சொன்னா என்ன. அவரு வீட்டுக்கு வர்றாரு" என்றாள் குமுதவல்லி.

மூவரும் கார் நிறுத்தும் இடத்தை நோக்கி நடந்தார்கள். வழியில் அவள், இனி ஒரு கேஸ் வந்தால் சாருக்கு உதவுமே என்று, பால்மரம் எப்படிச் சீவுவது என்று சொல்லத் தொடங்கினாள். பட்டையை எவ்வளவு ஆழம் சீவ வேண்டும், கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் எப்படிக் காயமாகும், எத்தனை மணிக்குப் பால் நன்றாக ஓடும், மழைத்தண்ணீர் சீவின கோட்டில் இறங்கினால் என்ன ஆகும் என்று கையை உளி போலப் பிடித்துக் காற்றில் சீவிக் காட்டினாள். அதில் அவருக்கு ஏற்கெனவே தெரிந்தது பாதி, மறந்தது பாதி. அவர் கையை உயர்த்தவில்லை. முந்நூற்று நாற்பது பக்கத்தையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ம்", "ம்" என்று கேட்டபடி கூடவே நடந்தார்.